மாரப்பன் லென்ஸ் உடைத்த கதை

தாராபுரத்துத் தியேட்டர் ஒன்றில் மாரப்பன் ஆபரேட்டர். வெள்ளிக்கிழமை வரப்போகும் படம் ஸ்கோப் என்கிற அகலப் படமா, சாதாப் படமா என்று முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். லென்ஸ் மாறிப்போனால் கதாநாயகன் ஒட்டடைக்குச்சி மாதிரி நிற்பான். சனம் நாற்காலியைக் கிழித்துவிடும்.

விநியோகக் கம்பெனி ஏஜெண்ட் வைத்திலிங்கமோ முதலாளி அறையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "படப்பெட்டி வந்தாத் தெரியும். அது கம்பெனி ரகசியம்" என்றார். மூன்று நாளாக இதே பாட்டு.

ஏஜெண்டிடம் காட்ட முடியாத கோபத்தை முதலாளி ஆபரேட்டரிடம் காட்டினார். "சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடி. இல்லேன்னா கேபின் பக்கம் வராதே."

மாரப்பன் தலையைச் சொறிந்தான். "கண்டுபிடிச்சு என்னங்க மொதலாளி பண்றது? நம்ம ஸ்கோப் லென்ஸ் கீழ விழுந்து ஒடஞ்சு போச்சுங்க. படமே வேண்டாம், பெட்டிய அனுப்பாதீங்கன்னு சொல்லிருங்க."

ஏஜெண்டின் கால் கீழே இறங்கியது. "அட, இருய்யா. இதுக்கு எதுக்கு ஸ்கோப் லென்ஸு? இது சாதாப் படந்தானே."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது.

"சரிங்க" என்ற மாரப்பன், சாதாப் படத்துக்கு அகலம் குறைவென்று திரையின் இரண்டு ஓரமும் கறுப்புத் துணி கட்டப் புறப்பட்டான்.

"லென்ஸ் எப்படா விழுந்துச்சு?" என்றார் முதலாளி.

"இன்னும் விழுகலீங்க."