வடகாட்டுப் பாசி ஏன் காலை நனைக்கிறது

அந்தக் காலத்தில், மரமும் மிருகமும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, வடக்கே குளிர்க்காட்டில் பாசி உலர்ந்த மெத்தை போல இருந்தது. மிதித்தால் கால் நனையாது. அதன் அடியில் எந்தக் கோடையிலும் கரையாத பனி. அந்தப் பனிதான் ஊசியிலை மரங்களுக்குத் தரை. பாசி பனியை மூடிக் காத்தது. மரங்கள் பாசிக்கு நிழல் தந்தன. ஒன்று போனால் மற்றதும் போகும் என்பது பாசிக்குத் தெரியும். மற்றவர்களுக்குத்தான் எத்தனை முறை சொன்னாலும் மண்டையில் ஏறவில்லை.

ஒரு வருஷம் கோடை கொளுத்தியது. கரடி பாசியில் ஒரு மூலையைப் பிய்த்து எறிந்துவிட்டு, பனியில் வயிற்றை வைத்துப் படுத்தது.

"கரடியண்ணே, மூடுங்க! பனி உருகிடும்" என்று பாசி கத்தியது.

"என் வயித்தளவு இடம்தானே? இவ்வளவு பெரிய காட்டுல இதுவா குறைஞ்சிடப்போவுது?"

மறுநாள் பனிமான் வந்து பிய்த்தது. "கரடிய விட்டுட்டு என்னை மட்டும் கேளு!" என்று அதற்குக் கோபம் வேறு. பிறகு ஓநாய், குடும்பத்தோடு. முயல்கூட, "நான் எம்மாத்தூண்டு, பாருக்கா" என்று ஒரு பிடி பிய்த்தது.

வெயில் உள்ளே இறங்கியது. பனி சேறானது.

"இந்த இடம் சூடாயிடுச்சு" என்று கரடி புது இடத்தைப் பிய்த்தது.

"சூடாக்கினதே நீங்கதானே!" பாசிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"அக்கா, என் கால் வழுக்குது" என்றது பக்கத்திலிருந்த மரம். சொல்லும்போதே ஒரு பக்கம் சாய்ந்தது. பிய்த்த இடங்களிலெல்லாம் மற்ற மரங்களும் ஆளுக்கொரு பக்கம் சாய, நிழல் விலகி, பாசியின் ஓரங்கள் வெயிலில் வெளுத்தன.

கரடி ஒற்றைக் கண்ணைத் திறந்தது. "பாசி, அந்த மரத்தை நேரா நிக்கச் சொல்லு. நிழல் என்மேல விழல."

பாசி அதன்பின் ஒரு வார்த்தையும் பேசவில்லை. உருகி நின்ற தண்ணீரையெல்லாம் ஒரே மூச்சில் உறிஞ்சியது. ஊறிப் பருத்து, பிய்த்த இடங்கள்மேல் சில்லென்று ஊர்ந்து ஏறி, கரடியின் வயிற்றுக்கடியிலும் புகுந்தது.

"சீச்சீ, தொப்பலா நனைஞ்சுட்டேன்!" கரடி எழுந்து ஓடியது. மிச்சப் பனி தப்பியது. சாய்ந்த மரங்கள் விழவில்லை, ஆனால் நிமிரவும் இல்லை.

அன்று முதல்தான் அந்தக் காட்டு மரங்கள் மூலைக்கொன்றாகச் சாய்ந்து நிற்கின்றன. பாசியும், யார் கால் வைத்தாலும், ஒன்றும் சொல்லாமல் நனைத்து அனுப்பிவிடுகிறது.