துவாரபாலகரின் தலை

ஒரு காலத்தில் ஊரே வியந்து பார்த்த பெரிய கோயில் அது. பிறகு ஆடு மேயும் கற்குவியலாகிப் போயிற்று. அதன் வாசலில் இரண்டு துவாரபாலகர்கள் மட்டும் காவல் நின்றார்கள். வலப்பக்கத்தவர் முழுசாக இருந்தார். அவரை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. காலில் ஆடு கட்டுவார்கள். இடப்பக்கத்தவருக்குத் தலை இல்லை. மாலையெல்லாம் அவருக்குத்தான்.

அந்தத் தலை பக்கத்து வாய்க்கால் துறையில் குப்புறக் கிடந்தது. பின்பக்கம் வழவழவென்று இருந்ததால் துணி துவைக்க வசதி. சொர்ணத்தம்மாள் தன் புருஷன் வேட்டியை அதன்மேல்தான் ஓங்கி அடிப்பாள். அடிக்கு அடி ஓர் ஊர்வம்பும் சொல்லுவாள். தலை அதையெல்லாம் கேட்டு, சேற்றுக்குள் சிரித்தபடி சுகமாகவே கிடந்தது.

ஒருநாள் தொல்லியல் அதிகாரி கயற்கண்ணி வந்து அந்தக் கல்லைப் புரட்டச் சொன்னார். கோரைப்பல்லும் உருட்டுவிழியும் வெளியே தெரிந்தன.

“ஐயையோ, இதுமேலயா இத்தனை வருஷம் துவைச்சேன்!” என்று சொர்ணத்தம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தலையை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்து உடலின் காலடியில் இறக்கினார்கள்.

“யாரது?” என்றது உடல். கல் பேசுவதற்கு வாய் வேண்டுமென்று கட்டாயமில்லை.

“உன் தலைதான்.”

“தலையா? எனக்கு எதற்கு? இல்லாமலே நன்றாகத்தானே போகிறது!”

உண்மைதான். வழிகாட்டி மருதப்பன் சுற்றுலா வருகிறவர்களிடம் தினமும் சொல்லுவான்; அன்றும் அங்கே நின்று சொல்லிக்கொண்டிருந்தான்: “பகைவர் படை வந்தப்ப எல்லாரும் ஓடிட்டாங்க. இவர் மட்டும் நகரல. தலை போயும் நிக்கிறார் பாருங்க!” கேட்டவர்கள் கண்கலங்கி மாலை போடுவார்கள். உடைந்து கிடந்த தூண்களும் யாளிகளும்கூட அதை நம்பி, தாங்களும் அந்தப் போரில் விழுந்ததாகப் பெருமை பேசிக்கொண்டிருந்தன.

தலை கிடந்தபடியே கடகடவென்று சிரித்தது.

“எந்தப் போர்? நான் கண்ணால் பார்த்தவன். ஒரு படையும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஏரிக்கு மதகு கட்ட இந்த ஊர்க்காரர்களே வந்து கல்லைப் பெயர்த்தார்கள். ஒருத்தன் கடப்பாரை நழுவி, உத்தரம் என் கழுத்தில் விழுந்தது. ‘சனியன், குறுக்கே நிக்குது’ என்று என்னையே வைது, வாய்க்காலுக்கு உருட்டிவிட்டான். அவன் மூக்கும் இந்த மருதப்பன் மூக்கும் ஒரே அச்சு!”

வலப்பக்கத்தவர் சிரித்த சிரிப்பில் ஆடு மிரண்டது.

“நான் அப்போது மண்மேட்டுக்குள் புதைந்திருந்தேன். ஒன்றும் தெரியாமலே போயிற்று. எல்லாருக்கும் சொல்லு!”

“நாளைக்கு என்னை மேலே வைக்கட்டும். எல்லாருக்கும் கேட்கும்படி சொல்கிறேன்.”

“மாலை போய்விடுமே!” என்று உடல் கெஞ்சியது.

“போகட்டும். பொய்க்கு விழுந்த மாலைதானே!”

மறுநாள் இரும்புக்கம்பியும் சுண்ணாம்புக் காரையும் வைத்துத் தலையைப் பொருத்தினார்கள். கூட்டம் கூடிவிட்டது. தூண்களும் யாளிகளும் மூச்சடக்கிக் காத்திருந்தன.

தலையோடு நின்ற சிலையைப் பார்த்ததும் மருதப்பன் திகைத்துப் போனான். பிடரியைச் சொறிந்தான். பிறகு முகம் மலர்ந்தது.

“வெட்டுப்பட்ட தலை சும்மா கிடக்கலைங்க! பகைவன் கையில சிக்கக்கூடாதுன்னு தானே உருண்டு போய் வாய்க்கால்ல ஒளிஞ்சுக்கிச்சு!”

“ஆமா, நான்தான் தினமும் குளிப்பாட்டினேன்” என்றாள் சொர்ணத்தம்மாள். ஏணியில் ஏறிப் பெரிய சம்பங்கி மாலையை அதன் கழுத்தில் போட்டாள்.

கோயில் நன்றாயிருந்த காலத்தில்கூட மாலையெல்லாம் உள்ளே இருக்கும் சாமிக்குத்தான் போகும். வாசலில் நிற்பவனை யார் கவனிப்பார்கள்? தலை மெல்ல மூச்சை இழுத்தது. வாசனை சொக்க வைத்தது. கீழே ஜனங்கள் கைகூப்பி நின்றார்கள்.

கூட்டம் கலைந்தது.

“ம், ஆரம்பி” என்றார் வலப்பக்கத்தவர். “அந்தக் கடப்பாரை விஷயத்தைச் சொல்லு. எல்லாரும் காத்திருக்கிறார்கள்.”

தலை தொண்டையைச் செருமிக்கொண்டது.

“அவர்கள் குதிரைகளில் வந்தார்கள்...”