சுற்றி வந்த ஈசானிய மூலை

ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருந்த சென்னியப்பக் கவுண்டர், வாஸ்து அம்பலவாணரைக் கேட்காமல் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டார்.

கடையின் ஒரே கம்ப்யூட்டரில் கணக்குக்கு விண்டோஸும் சேலை டிசைனுக்கு லினக்ஸும் தேவைப்பட்டன. பில் போடுகிற பிலோமினா இரண்டுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கி ஹார்டு டிஸ்கை இரண்டாகப் பிரிக்க உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்த அம்பலவாணர் கையைத் தூக்கினார்.

"ரெண்டுமே ஈசானிய மூலையில இருக்கணும். ஒண்ணு தப்பி அக்கினி மூலைக்குப் போனாலும் கடை பத்திக்கும். முடியாதுன்னா என் மச்சான் கடையில இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கிருங்க."

"முடியுமா? இல்ல, நாளையிலிருந்து வேற வேலை பாத்துக்கறியா?" என்று கவுண்டர் உறுமினார்.

"முடியுமுங்க" என்ற பிலோமினா, செத்துப்போன பழைய டிஸ்க் ஒன்றைத் திறந்தாள். உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு வட்டத்தட்டு. வெளி ஓரத்தில் குங்குமம் வைத்தாள். உள் ஓரத்தில் திருநீறு வைத்தாள்.

"குங்குமம் விண்டோஸ், திருநீறு லினக்ஸுங்க. வேலை செய்யறப்ப தட்டு இப்படித்தான் சுத்தும்" என்று விரலால் சுண்டிவிட்டாள். "ரெண்டும் ஈசானியத்துக்கு வருதுங்களா?"

அம்பலவாணர் தட்டோடு தலையையும் சுற்றிக்கொண்டே, "அக்கினி மூலைக்கும் போகுதே!" என்று அலறினார்.

"போகுதுங்க. ஆனா, நின்னாத்தானுங்களே சுடும்?"

கவுண்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏனுங்க, உங்க மச்சான் கடை எந்த மூலையில இருக்குது?"

அம்பலவாணர் விருட்டென்று எழுந்தார். எட்டுத் திசையும் அறிந்த மனிதர், தலைசுற்றலில் வாசலென்று நினைத்துத் துணி மாற்றும் அறைக்குள் நுழைந்தார்.