ப்ராக்னோசிஸுக்குத் தமிழில் என்ன?

தமயந்தி காரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது டாக்டர் கோதண்டம் மாமரத்தடியில் ஈஸிசேரில் சாய்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தை மாதம். பெரியகுளத்துக் காற்றெல்லாம் மாம்பூ வாசம். இலை தெரியாத அளவுக்கு மரம் பூத்துக் கிடந்தது.

"வாம்மா. ரிப்போர்ட் வந்திருச்சா?"

"வந்திருச்சு சார்."

மதுரையில் பேர்போன புற்றுநோய் டாக்டர் அவள். தலை பாதி நரைத்துவிட்டது. எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய வாய்தான், இவரிடம் சொல்ல வரவில்லை. போதாக்குறைக்கு, வெளிநாட்டில் இருக்கும் அவர் மகன் காலையில் போனில் கெஞ்சியிருந்தான்: "அக்கா, அப்பாகிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லிராதீங்க." வாழ்நாள் முழுக்க ஸ்டெதாஸ்கோப்பும் கழுத்துமாக அலைந்த மனுஷனிடம் நோயை மறைக்க வேண்டுமாம். பிள்ளைப் பாசம் கண்ணை மறைக்கத்தான் செய்யும்.

கோதண்டம் ரிப்போர்ட் கவரைக் கையில்கூட வாங்கவில்லை.

"என்ன நோய்னு எனக்கே தெரியும். அதை விடு. ப்ராக்னோசிஸ் என்ன?"

அந்த வார்த்தையின் அர்த்தத்தைத் தமயந்திக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

அப்போது அவள் பயிற்சி டாக்டர். அவர் ஒரு சின்ன ஊர் அரசு ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர். ஓட்டுக் கட்டடம், பினாயில் வாசம், ஜன்னலோரம் ஆறிக்கொண்டிருக்கும் அவருடைய டீ. அதையெல்லாம் இடித்து இன்றைக்கு மாடி எழுப்பிவிட்டார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் கண் அந்த ஓட்டுக் கூரையைத்தான் தேடும். அவளுடைய நல்ல காலமெல்லாம் அதற்கடியில்தான் கழிந்தது.

அங்கே வீரணன் என்றொரு விவசாயி கல்லீரல் கெட்டு, வயிறு வீங்கிப் படுத்திருந்தார். தமயந்தி அவருடைய கேஸ் ஷீட்டில் 'ப்ராக்னோசிஸ் மோசம்' என்று ஆங்கிலத்தில் எழுதினாள். நோய் இனி எந்தப் போக்கில் போகும், ஆள் தேறுவாரா மாட்டாரா என்று முன்கூட்டிக் கணித்துச் சொல்வதற்குப் புத்தகத்தில் இருந்த வார்த்தை. எழுதுவதற்குச் சுலபமாகத்தான் இருந்தது.

"என்னத்தா எழுதுன?" என்று கேட்டார் வீரணன்.

அவள் கேஸ் ஷீட்டை மூடிவைத்தாள். நேரே கோதண்டத்தின் அறைக்கு வந்தாள்.

"சார், ப்ராக்னோசிஸ்னு எழுதுறோமே, அதை அவர்கிட்டத் தமிழ்ல எப்படிச் சொல்றது?"

கோதண்டம் டீயைக் கீழே வைத்தார். எழுந்து வார்டுக்குப் போய் வீரணனின் கால்மாட்டில், கட்டிலிலேயே உட்கார்ந்தார்.

"ஏண்ணே, கையில என்ன வேலை வச்சிருக்கீங்க?"

பின்னால் நின்ற தமயந்திக்கு எரிச்சலாக வந்தது. சாகக் கிடக்கிற ஆளிடம் கேட்கிற கேள்வியா இது?

வீரணன் முகம் மலர்ந்துவிட்டது. "கெணறு வெட்டிக்கிட்டு இருக்கேன் சார். பாதியில நிக்குது. இன்னும் ஊத்து தெறக்கல."

"எப்பத் தெறக்கும்?"

"நான் கூட நின்னா இந்த மாசத்துலயே தெறந்துரும். அப்புறம் நெல்லப் போட்டு, அறுத்து..."

கோதண்டம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணியப் பாத்துருவீங்கண்ணே. நெல்ல உங்க மகன் அறுக்கட்டும்."

வீரணன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கண்ணோரம் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. பிறகு முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"அப்ப என்னைய இன்னைக்கே அனுப்பிருங்க சார். கெணத்து மேட்டுல கட்டிலப் போட்டுக் கெடந்துக்கிறேன்."

கோதண்டம் மருந்து மாத்திரை கொடுத்து அன்றைக்கே அனுப்பிவைத்தார். தமயந்தி அவர் பின்னாலேயே ஓடினாள்.

"சார், நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே?"

"டீ ஆறிப்போச்சு," என்றார் அவர். "வேற வாங்கிட்டு வரச் சொல்லு."

சில வாரம் கழித்து வீரணனின் மகன் மொட்டைத் தலையோடு வந்து, ஒரு செம்புத் தண்ணீரை மேஜைமேல் வைத்தான். "அப்பா குடிச்சுப் பாத்துட்டுத்தான் சார் போனாரு." கோதண்டம் ஒரு வாய் குடித்துவிட்டுச் செம்பை அவளிடம் நீட்டினார். லேசாகச் சவர் அடித்தது. அதைப் போல ருசியான தண்ணீரை அவள் அதற்குப் பிறகு குடித்ததில்லை.

"என்னம்மா, ப்ராக்னோசிஸ் கேட்டேனே?" மாமரத்தடியில் கோதண்டம் மறுபடி கேட்டார்.

மகன் சொன்னபடி பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதற்கு எத்தனையோ நல்ல இங்கிலீஷ் வார்த்தைகள் அவளிடம் இருந்தன. தமயந்தி கவரைப் பைக்குள் திணித்துவிட்டு, புடவை அழுக்காவதைப் பார்க்காமல் அவர் காலடியில் மண்ணிலேயே உட்கார்ந்தாள்.

"சார், கையில என்ன வேலை வச்சிருக்கீங்க?"

கோதண்டம் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். இருமல் வந்துதான் சிரிப்பை நிறுத்தியது.

"ரிட்டயர் ஆனவனுக்கு என்ன வேலை? இந்த மரந்தான். இது இப்படிப் பூத்து நான் பாத்ததே இல்ல. வடு பிடிச்சதும் மங்களம் ஊறுகா போடுவா. பழைய சோத்துக்கு அத விட்டா வேற என்ன வேணும்? அப்புறம் பழம்."

மங்களம் அவர் மனைவி. சமையலறையில் அவள் பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

தமயந்தி அவர் கையைப் பிடித்தாள். வெறும் எலும்பாக இருந்தது.

"வடு ஊறுகா சாப்பிடலாம் சார்," என்றாள். "பழம்..."

அவர் அதை முடிக்கச் சொல்லவில்லை. மரத்தை நிதானமாகக் கிளை கிளையாகப் பார்த்தார்.

"அப்பப் பாதி மரத்த வடுவுக்குப் பறிக்கச் சொல்லிருவோம்," என்றார். "மீதி பழுக்கட்டும். பழுத்ததும் நீ வந்துரணும். மங்களம் தனியாத் திங்க மாட்டா."