முருகனுக்கு முன்னால் கிரைண்டர்

“இந்தாங்க அம்மா சாவி. இனிமே இந்தக் குடிலை நான் இழுக்க மாட்டேன்!”

மாசிலாமணிக்கு அறுபத்தொரு வயது. வண்டியை ரோட்டோரம் நிறுத்தியிருந்தார்.

குருவம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சாவியை அவர் வாங்கவில்லை.

மினசோட்டாவில் ஏரி உறைந்ததும் மீன் பிடிக்கிறவர்கள் சக்கரம் வைத்த மரக்குடிலைப் பிக்கப் வண்டியில் கோத்து இழுத்துப் போவார்கள். பனிக்கட்டிமேல் நிறுத்தி, குடிலின் தரையில் உள்ள ஓட்டை வழியே தூண்டில் போடுவார்கள். குருவம்மா அப்படியொரு குடிலை வாங்கி ஆசிரமம் என்றார். நாகப்பட்டினத்துக்காரர், மீனும் சாப்பிடுவார். முகம் சுளித்த சீடர்கள் முதல் மாதமே கழன்றுகொண்டார்கள்.

மாசிலாமணி மட்டும் ஒட்டிக்கொண்டார். குடிலை இழுப்பது அவருடைய கைங்கர்யம்.

இன்று அந்தக் குடிலின் வால், எதிரே வந்த ஸ்கூல் பஸ்ஸை மயிரிழையில் இடிக்காமல் விட்டது.

“ஆடுச்சும்மா! பிரேக் போட்டேன், இன்னும் ஆடுச்சு. ஸ்டியரிங்கை ஒடிச்சேன், பேயாட்டம் ஆடுச்சு. பஸ் நிறையப் பிள்ளைங்க! கொன்னிருப்பேன்!”

“கொல்லலையே. இறங்குங்க.”

குருவம்மா குடிலின் கதவைத் திறந்தார்.

வண்டியோடு கோக்கிற முன்பக்கம் பளிச்சென்று காலி. பலகையில் முருகன் படம், கீழே ஒரு பாய். அரிசி மூட்டை, கிரைண்டர், கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன் எல்லாம் சக்கரத்துக்குப் பின்னால் கூரைவரை.

“முன்னால ஏன் காலி?”

“சந்நிதி அம்மா. அங்க போய் மூட்டையை அடுக்கலாமா?”

“பாரத்தையெல்லாம் வாலில கட்டிட்டு, வால் ஆடுதுன்னு அழுறீங்களாக்கும்!”

கோட்டின் கையைச் சுருட்டிக்கொண்டு கிரைண்டரைத் தரதரவென்று இழுத்தார். நேரே முருகன் காலடியில் வைத்தார்.

“ஐயோ, அபச்சாரம்!”

“கனமா எதுவும் கொண்டு வராதேன்னு முருகன் சொன்னாரா?”

மாசிலாமணி படத்தைப் பார்த்தார். தினமும் அந்தப் படத்தின் முன் நின்று, ‘எல்லாம் நல்லா இருக்கு முருகா’ என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறவர் அவர். மகன் வருஷக்கணக்காகப் பேசுவதில்லை. அதை ஒருநாளும் சொன்னதில்லை. சாமியை எதற்குத் தொந்தரவு செய்வது?

அரிசி மூட்டையைத் தூக்கினார். பிறகு சிலிண்டர். வேகம் வந்துவிட்டது.

“போதும், போதும்! எல்லாத்தையும் தள்ளினா வண்டி முட்டி போட்டுடும். பாதிக்குக் கொஞ்சம் மேல முன்னால இருந்தா சரி.”

“மறுபடி ஆடினா?”

“பிரேக்கைத் தொடாதீங்க. ஸ்டியரிங்கை நேரா பிடிங்க. ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை எடுங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்லை.”

கிளம்பினார்கள்.

“அம்மா, லாரி வருது!”

“வரட்டும்.”

லாரியின் காற்று அறைந்தது. குடில் ஒரு சிலுப்பு சிலுப்பியது. மாசிலாமணியின் கால் பிரேக்குக்குப் பாய்ந்து, பாதியில் நின்றது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தார். வேறொன்றும் செய்யவில்லை.

குடில் பசுமாடு மாதிரி பின்னால் வந்தது.

“ஆட்டம் நின்னுடுச்சு! அம்மா, நின்னுடுச்சு!”

“கத்தாதீங்க, ரோட்டைப் பாருங்க!” குருவம்மாவும் கத்திக்கொண்டுதான் இருந்தார்.

ஏரி வந்தது. குடிலை நிறுத்தி உள்ளே போனதும் மாசிலாமணி அரிசி மூட்டையைத் தூக்கினார்.

“எங்க கொண்டு போறீங்க?”

“வந்து சேர்ந்துட்டோமே. சந்நிதியைக் காலி பண்ணிடறேன்.”

குருவம்மா தூண்டிலை ஓட்டையில் இறக்கினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாசிலாமணி மூட்டையோடு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு அதை இருந்த இடத்திலேயே இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் சம்மணமிட்டார்.

“முருகா,” என்றார். “எங்க பையன் முத்துக்குமரன் இருக்கானே…”