கைபடாத விமானம்

முத்தாலங்குளம் மாதிரி விமானச் சங்கத்துக்குப் புதிதாக வந்த தலைவர் நவநீதன், ஒரு புது விதியையும் கொண்டுவந்தார். போட்டியில் கம்பெனி விமானம் மட்டுமே பறக்கலாம். போட்டியாளர் கையால் ஒரு துண்டைப் பொருத்தியிருந்தாலும் நீக்கம்.

உறுப்பினர்கள் கூடிக்கூடிச் சண்டை போட்டார்கள். தலைவர் மசியவில்லை. தையல்காரி ஜெபக்கனிக்கு வயிறு எரிந்தது. மழைக்காலம் முழுக்கத் தெர்மாகோலை அறுத்து ஒட்டி அவள் செய்த விமானம், போட்டிக் காற்றை ஒருமுறைகூடப் பார்க்காமல் பரணுக்குப் போவதா?

போட்டியன்று தலைவர் பளபளக்கும் பெட்டியோடு வந்தார்.

"அசல் ஜெர்மன் சரக்கு!" என்று திறந்தார். உடல் தனியாக, இறக்கைகள் தனியாகக் கிடந்தன. திருப்புளியை எடுத்தார்.

"அண்ணாச்சி, கையை எடுங்க!" என்று கத்தினாள் ஜெபக்கனி.

"ஏம்மா?"

"இறக்கையை நீங்க மாட்டினா அது உங்க கைபட்டதாயிருமே. விதிப்படி நீங்க அவுட்டு."

"மாட்டாம எப்படிம்மா பறக்கும்?"

"அது கம்பெனிக்காரன் பாடு. நீங்க பெட்டியோட தூக்கி எறிங்க அண்ணாச்சி, நாங்க கைதட்டுதோம்."

"எறிங்க, எறிங்க!" என்று மைதானமே கூவியது. தலைவர் பெட்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"எந்தக் கூறுகெட்டவன்ல இந்த விதியை எழுதினது?" என்று சீறினார்.

யாரும் பதில் சொல்லவில்லை. மரியாதை தெரிந்தவர்கள்.

விதி அங்கேயே ரத்தானது. தலைவர் திருகாணி முடுக்கிக்கொண்டிருக்கையிலேயே, அவர் தலைக்கு மேலே தெர்மாகோல் விமானம் வட்டமடித்தது.