நாற்காலியை விட்டு அசையாதவர்

முன்னொரு காலத்தில் கொன்றையூர் நாட்டைக் காற்றாடிவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு சட்டம் போடுவார், மதியம் சாப்பிட்டு எழுந்ததும் அதை மாற்றிவிடுவார். அந்த நாட்டில் கூரைக்குக் கூரை சோலார் தகடு உண்டு. அந்தக் காலத்தில் ஏது சோலார் என்று கேட்காதீர்கள். ராஜாவை நம்பினீர்கள் அல்லவா, தகட்டையும் நம்புங்கள்.

ஒருநாள் மிளகாய் மில் நடத்தும் அஞ்சுகம் அழுதுகொண்டே சபைக்கு வந்தாள்.

"மகாராசா, என் வீட்டை நில அதிகாரி விருத்தகிரி ஐயாவுக்கு வித்துட்டேன். கூரையில இருக்கிற என் தகட்டைக் கழட்டப் போனா விடமாட்டேங்கிறார். அது இல்லாம மில்லு ஓடாது. நான் எப்படிப் பொழைக்கிறது?"

விருத்தகிரி நாற்காலியில் இருந்தபடியே கனைத்தார். அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தான் எழுந்தால் அமைச்சர் நக்கண்ணன் வேறு ஆளை உட்காரவைத்துவிடுவார் என்று அவருக்கு ஓயாத பயம். அதனால் சாப்பாடு, தூக்கம், முகச்சவரம் எல்லாம் அதிலேயே. கூரை ஒழுகினால் குடை பிடித்துக்கொள்வார். வீட்டைக்கூட ஆள் அனுப்பித்தான் வாங்கினார்.

"அரசே, வீடு அசையாச் சொத்து. தகடோ திருகாணியால் வீட்டோடு இறுகிக் கிடக்கிறது. அசையாதது இருக்கிற இடத்துக்கே சொந்தம்!"

"பேஷ்! அதுதான் இனிமேல் சட்டம்!" என்றார் ராஜா. அஞ்சுகம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

நக்கண்ணன் எழுந்து வணங்கினார். "அருமையான சட்டம் அரசே. இங்கேயே அமல்படுத்திவிடலாமே. விருத்தகிரியாரும்தான் அசைவதில்லை. அப்படியென்றால் இவர் அரண்மனைக் கட்டடத்தில் சேர்த்தி."

ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஆட்டிப் பாருங்கள்!"

காவலர்கள் பிடித்து ஆட்டினார்கள். நாற்காலி பறிபோகிறது என்று பதறி, விருத்தகிரி இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அசையவில்லை, அரசே!"

"அப்படியானால் தூண்தான். பொங்கல் வருகிறதே, மற்றத் தூண்களோடு இதற்கும் சுண்ணாம்பு அடியுங்கள். நெற்றியில் ஓர் ஆணி அடித்தால் விளக்கு மாட்டலாம்."

"அரசே, நான் மனுஷன்!"

"அடடே, பேசும் தூண்!" என்று ராஜா கைதட்டினார்.

சுண்ணாம்பு வாளி வந்தது. சுண்ணாம்பில் தோய்த்த மட்டை காதில் பட்டது. ஆணியையும் சுத்தியலையும் பார்த்ததுதான் தாமதம், விருத்தகிரி துள்ளிக் குதித்துச் சபை முழுக்க ஓடினார். "அசைவேன்! நான் அசைவேன்! எழுப்பினால் எழுந்திருக்கிற ஆள் நான்!"

"கேட்டீர்களா அரசே?" என்றார் நக்கண்ணன். "எழுப்பினால் எழுகிறவர் அசையாச் சொத்து இல்லையாம். திருகாணியைக் கழற்றினால் தகடும் கையோடு வந்துவிடுமே!"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "பழைய சட்டம் ரத்து! தகடு அஞ்சுகத்துக்கே!" அப்போதுதான் அவர் கண்ணில் காலி நாற்காலி பட்டது. காலால் தள்ளிப் பார்த்தார். நகர்ந்தது. "அட, இதுவும் அசைகிறது! அம்மா, இதையும் எடுத்துக்கொண்டு போ. மிளகாய் அரைக்க வருகிறவர்கள் உட்காரட்டும்."

அன்றுமுதல் விருத்தகிரிக்குச் சபையில் நின்றபடிதான் உத்தியோகம். பொங்கல் நெருங்கி வாளிச் சத்தம் கேட்டுவிட்டால் போதும், மனிதர் நின்ற இடத்திலேயே கையையும் காலையும் ஆட்டத் தொடங்கிவிடுவார்.